ஆர் திறக்கப் போகினம்?

எங்கள் வீட்டு மல்லித்தூள் பேணியும் இரண்டு சட்டி மூடிகளும் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் உருண்டு ஓடிய நாளில்தான் அவரை முதன்முதலாகக் கண்டேன். நாங்கள் வாடகை வீடு மாறிக்கொண்டிருந்தோம். நாங்கள் என்றால் நானும் என் மூன்று வயது மகள் அபியும் மட்டும்தான். கணவருக்குக் கட்டாரில் வேலை. பெட்டிகளை நானே கட்டினேன். புத்தகக் கடையில் வாங்கிய மெல்லிய கண்ணாடி டேப்பால் ஒவ்வொரு பெட்டியையும் நாலைந்து சுற்றுச் சுற்றி, நன்றாகத்தான் செய்திருக்கிறேன் என்ற நினைப்போடு ஓட்டோவில் ஏற்றினேன். வளைவில் ஓட்டோ திரும்பியபோது, ஓரத்தில் இருந்த குசினிப் பெட்டி சரிந்து விழுந்து அடி பிளந்துவிட்டது.

விழுந்த இடம் ஒரு பார்சல் கடையின் வாசல். உள்ளேயிருந்து ஐம்பது வயது மதிக்கக்கூடிய ஒரு பெண் வந்தார். சாமான் பொறுக்கித் தர வருகிறார் என்று நினைத்தேன். அவர் முதலில் எடுத்தது வெறும் பெட்டியை. அதைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது கொப்பிக்கு உறை போடுற டேப் பிள்ளை," என்றார். "இதை நம்பி அம்மிக் குழவியை ஏத்தியிருக்கிறியள்."

அதற்குள் வீதியோரம் நின்ற மான் ஒன்று வந்து பெட்டியின் கிழிந்த மடலைச் சப்பத் தொடங்கிவிட்டது. எங்கள் ஊர் மான்களுக்கு மனிதரிடமும் பயமில்லை, ஹோர்னுக்கும் பயமில்லை. நான் துரத்தப் போனேன். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தின்னட்டும் விடுங்கோ. அந்தப் பெட்டி இனி அதுக்குத்தான் சரி."

பிறகு ஓட்டோக்காரரை நிறுத்தி வைத்து, மிச்சம் இருந்த ஆறு பெட்டிகளையும் இறக்கச் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. என்னுடைய டேப்பை முழுக்க உரித்தெடுத்தார். பெட்டியின் மேல் இருந்த தூசியை ஒரு பழைய துணியால் துடைத்தார். இரண்டு மடல்களும் சேரும் நடுக்கோட்டில் அகலமான மண்ணிற டேப் ஒன்றை இழுத்து, இரண்டு பக்கமும் நாலு விரல் கீழே இறங்கும்படி விட்டார். பிறகு இரண்டு ஓரங்களுக்கும் ஒவ்வொன்று. அவ்வளவுதான். சுற்று எதுவும் இல்லை. ஆனால் ஒட்டிய ஒவ்வொன்றையும் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். மாவு தேய்க்கிற மாதிரி. அதற்கு எடுத்த நேரம் ஒட்டுவதற்கு எடுத்ததைவிட அதிகம். ஓட்டோக்காரர் இரண்டு தரம் பெருமூச்சு விட்டார்.

"சுத்தினாப் போதும் எண்டு நினைக்கினம். தேய்க்காட்டில் அது சும்மா மேல படுத்திருக்குது," என்றார் அவர், என்னைப் பார்க்காமலே.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை. அந்தக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும், அவரைவிட மூத்தவர்கள்கூட, அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கும் அவர் அக்காதான்.

கடை கிண்ணியாவைச் சேர்ந்த ஒருவருடையது. அங்கே அண்ணனை நானா என்பார்கள், நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். தினமும் பின்னேரம் ஐந்து மணிக்குக் கொழும்புக்கு ஒரு லொறி புறப்படும். அதற்கு முன் வந்து சேரும் பொருட்களை மூடிக் கட்டுவது அக்காவின் வேலை. தரையோடு இருக்கும் ஒரு பலகை மேசை, ஒரு முக்காலி, ஒரு கத்தரிக்கோல். மணிக்கூட்டை மணிக்கட்டில் இல்லாமல் முழங்கைப் பக்கமாக ஏற்றிக் கட்டியிருப்பார். தேய்க்கும்போது அது பெட்டியைக் கீறிவிடாமல் இருக்க. வலது பெருவிரல் நுனி தேய்ந்து, ரேகையே இல்லாமல் வழுவழுவென்று இருக்கும். அடையாள அட்டைக்குக் கைரேகை எடுக்கப் போனபோது அந்த விரல் பதியவில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

வீடு மாறிய பிறகு நான் அந்தக் கடையிலிருந்து இரண்டு தெருத் தள்ளி இருந்தேன். அப்பளம் போட்டுக் கொழும்பில் ஒரு கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அதனால் வாரத்தில் இரண்டு நாளாவது அக்காவுக்கு முன்னால் நிற்க வேண்டி வந்தது. நின்று பார்த்ததில் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். ஆனால் கூடுதலான நேரம் அவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

புது டேப் வந்தால் உடனே பாவிக்க மாட்டார். ஒரு துண்டை வெட்டிப் பெட்டி மட்டையில் ஒட்டித் தேய்த்துவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடிப்பார். திரும்பி வந்து ஒரே இழுவையில் உரிப்பார். டேப்போடு மட்டையின் தோலும் உரிந்து வந்தால் சரி. துப்புரவாகக் கழன்று வந்தால் அந்த ரோலை ஒதுக்கி வைத்துவிடுவார். ஒருமுறை டேப் விற்கிற ஒருவர் மினுமினுப்பான ரோல்கள் ஒரு பெட்டி கொண்டுவந்தார். விலை குறைவு. நானாவுக்குப் பிடித்துவிட்டது. அக்கா துண்டை ஒட்டினார், தேத்தண்ணி குடித்தார், உரித்தார்.

"வந்த மாதிரியே போகுது," என்றார். "பெட்டியோட ஒரு கதையும் வைச்சுக்கொள்ளேல்லை இது."

"அக்கா, இது ஏற்றுமதித் தரம்," என்றார் விற்பவர்.

"அப்ப ஏத்துமதி செய்யுங்கோ."

நானா பெட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். பெட்டி திரும்பிப் போனது. அந்தக் கடையில் யார் முதலாளி என்று புதிதாக வருகிறவர்களுக்கு விளங்கக் கொஞ்ச நாள் எடுக்கும்.

இறக்கக்கண்டியிலிருந்து ஒருவர் கருவாடு அனுப்ப வந்தார். கொழும்பில் இருக்கும் தம்பி வீட்டுக்கு. கொண்டுவந்த பெட்டி தேங்காய் எண்ணெய் போத்தல்கள் வந்த பழைய பெட்டி. அக்கா விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"இது எண்ணெய் குடிச்ச பெட்டி. பிடிக்காது. வேற பெட்டி கொண்டு வாங்கோ."

"நல்லா இறுக்கி நாலு சுத்து விடுங்கோவன்."

"எத்தினை சுத்து விட்டாலும் எண்ணெயிலதானே ஒட்டுது."

அவர் வெயிலில் பதினைந்து கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் வந்தவர். கோபம் வந்துவிட்டது. நாலு பேர் முன்னால் சத்தம் போட்டார். இப்படிப்பட்ட ஆளை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று நானாவைக் கேட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். ஒரு மாதம் கழித்து அதே ஆள் புதுப் பெட்டியோடு வந்து பேசாமல் வரிசையில் நின்றார். போன தடவை என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. கருவாட்டின் வாசம் மற்றச் சாமானுக்குப் போகாதபடி இரண்டு பொலித்தீன் பையில் போட்டு, பையின் வாயையும் டேப்பால் ஒட்டி, வழக்கத்தைவிடக் கவனமாக மூடிக்கொடுத்தார்.

மூடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லாக் கடையிலும் கேட்பார்கள். அவர் கேட்பது வேறு.

"ஆர் திறக்கப் போகினம்?"

முதல் தடவை எனக்கு விளங்கவில்லை. கடைக்காரர் திறப்பார் என்றேன். சரி என்று மூடினார். பிறகு ஒருநாள் ஒரு ஆசிரியை மட்டக்களப்பில் தனியாக இருக்கும் தன் தாய்க்கு மருந்தும் பால்மாவும் அனுப்ப வந்தார். அம்மாதான் திறப்பார், கைவிரல் எல்லாம் முட்டுவாதத்தில் மடங்கிவிட்டது என்றார். அக்கா எப்போதும் போல நடுவிலும் ஓரத்திலும் ஒட்டினார். ஆனால் நடு டேப்பின் நுனியை இரண்டு விரற்கடை தனக்குள்ளேயே மடித்து ஒரு வால் விட்டார். அந்த வாலுக்குப் பக்கத்தில் பேனையால் ஒரு அம்புக்குறி போட்டார்.

"அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கோ, அந்த வாலைப் பிடிச்சு இழுத்தாப் போதும் எண்டு. கத்தி தேடித் திரிய வேண்டாம்."

ஆசிரியை போன பிறகு என்னிடம் சொன்னார், "வழியில திறக்கக் கூடாது. வீட்டில திறக்க வேணும். ரெண்டையும் ஒரே டேப்தானே பிள்ளை செய்ய வேணும்."

அந்தக் கேள்விக்கு வந்த பதில்களில் ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு இளைஞர் வந்தார். துறைமுகப் பக்கம் கட்டட வேலை செய்பவர். அவரோடு ஒரே அறையில் இருந்தவர் விபத்தில் இறந்துவிட்டார். அவருடைய உடுப்புகளையும் சில்லறைச் சாமான்களையும் ஊருக்கு அனுப்ப வேண்டும். அக்கா வழமை போலக் கேட்டார். "அவன்ட அம்மா," என்றார் அந்த இளைஞர்.

அக்கா கையில் எடுத்த டேப்பைக் கீழே வைத்தார். பெட்டியில் இருந்தவற்றை எல்லாம் வெளியே எடுத்தார். சுருட்டி அடைத்திருந்த சேட்டுகளை ஒவ்வொன்றாக உதறி மடித்தார். இளைஞர் மேலே வைத்திருந்த கைமணிக்கூட்டை ஒரு சேட்டுக்குள் சுற்றி அடியில் கொண்டுபோய் வைத்தார்.

"திறந்த உடன இதைக் காணக் கூடாது தம்பி. மெல்ல மெல்லத்தான் வர வேணும்."

மேலே ஒரு துவாய் வைத்தார். அதற்கு மேல் டேப்பை ஒட்டினார். அன்று அவர் தேய்த்த மாதிரி மெதுவாகத் தேய்த்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அவரோடு பழகுவது எப்போதும் சுகமாக இருந்தது என்று சொன்னால் பொய். ஒருநாள் அவர் சாப்பிடப் போயிருந்த நேரம் யாரோ அவசரத்தில் ஒரு பெட்டியை மூடி லொறிக்குள் தள்ளிவிட்டார்கள். லொறி புறப்படும்போது அக்கா கண்டுவிட்டார். அது மேலே இருக்கவில்லை, அடியில் இருந்தது. எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். சாரதி முடியாது என்றார். அக்கா லொறியின் பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பது நிமிடம் லொறி நின்றது. நானா பொறுமை இழந்து, "வீட்டுக்குப் போங்க, நாளைக்கு வரத் தேவையில்ல," என்று கத்தினார். அக்கா அந்தப் பெட்டியை இறக்கி, பிரித்து, மூடி, தேய்த்து, ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு முக்காலியில் இருந்தார். நானா தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதைப் பற்றி அதற்குப் பிறகு கதை இல்லை.

அவர் சம்பூர்க்காரர். சண்டையில் அங்கிருந்து எல்லாரும் வெளிக்கிட வேண்டி வந்தபோது அவரும் வெளிக்கிட்டவர். முகாம், உறவினர் வீடு, மறுபடி முகாம் என்று பல வருடம். இது எனக்கு வேறு ஆட்கள் சொல்லித் தெரியும். அப்போது கட்டிக்கொண்டு வந்த பொட்டணங்கள் வழியில் அவிழ்ந்திருக்கும், அதனால்தான் இப்படி ஒரு பிடிவாதம் வந்திருக்கும் என்று நானே ஒரு காரணம் கட்டி வைத்திருந்தேன். ஒருநாள் அதை அவரிடம் கேட்டும் விட்டேன். நிமிர்ந்து பார்த்தார்.

"அதுக்கும் இதுக்கும் என்ன பிள்ளை? சம்பூரில இருந்து வரேக்க ஒரு பையும் கொண்டு வரேல்லை. வெறுங்கையோட வந்தனான்." டேப்பின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டே சொன்னார், "அரைகுறையாச் செய்யிறது எனக்குப் பிடிக்காது. சின்னனிலயும் பிடிக்காது. அவ்வளவுதான்."

எனக்கு முகம் சுருங்கிப் போனது. அவர் அதையும் கவனிக்கவில்லை. நுனி கிடைத்துவிட்டது.

அபியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நாலு வயதில் சத்திரசிகிச்சை செய்து உள்ளே ஒரு கருவி வைத்தார்கள். அதன் மற்றப் பாதி வெளியே, காதுமடலுக்குப் பின்னால் மாட்டுவது. அதில் இருந்து போகும் சின்ன வட்டம் காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். வெளிப்பாதி வேலை செய்யாவிட்டால் உள்ளே இருப்பதால் ஒரு பயனும் இல்லை. அதை மாட்டி ஒன்றரை வருடத்தில் அவள் ஐம்பது அறுபது சொல் பேசப் பழகியிருந்தாள். அம்மா, தண்ணி, காகம், வேண்டாம், இன்னும். ஒவ்வொன்றும் எத்தனை நாள் உழைப்பு என்று எனக்குத் தெரியும்.

மாரிகாலத்தில் ஒருநாள் காலையில் அந்த வெளிப்பாதி செத்துவிட்டது. பற்றரி மாற்றியும் விளக்கு எரியவில்லை. கொழும்பில் அதைத் திருத்துகிற இடத்துக்குப் போன் எடுத்தேன். அனுப்புங்கள், பார்க்கிறோம் என்றார்கள். புதிதாக வாங்குவதை எங்களால் நினைத்தும் பார்க்க ஏலாது. கணவர் லீவில் வந்து போயிருந்தார், அப்போது எனக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் எட்டு மாதம். பஸ்ஸில் தூரப் பயணம் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கொண்டுபோய்க் கொடுக்க வேறு ஆள் இல்லை.

அபி முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் என் கையைப் பிடித்துத் தன் காதுக்குப் பின்னால் வைத்து என் முகத்தைப் பார்த்தாள். மூன்றாம் நாள் அதையும் விட்டுவிட்டாள். ஒரு சொல்லும் பேசவில்லை. அது எனக்கு அழுகையைவிடப் பயமாக இருந்தது.

கொட்டுகிற மழையில் கருவியைக் கொண்டு கடைக்குப் போனேன். நாலு மணி. லொறிக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அக்கா கதையைக் கேட்டார். ஒரு பெட்டி மட்டையை எடுத்துத் துண்டு டேப்பை ஒட்டித் தேய்த்தார். சற்று விட்டு உரித்தார். துப்புரவாகக் கழன்று வந்தது. இன்னொரு மட்டை. அதிலும் அதே.

"இண்டைக்கு ஏலாது பிள்ளை," என்றார். "கூரை ஒழுகினது. பெட்டி எல்லாம் ஈரம் குடிச்சிட்டுது. பிடிச்ச மாதிரிக் காட்டும், வழியில விட்டிடும்."

"மற்றச் சாமான் எல்லாம் போகுதுதானே."

"அது உடுப்பு, புத்தகம். இது போகாது."

"மூண்டு நாளா என்ர பிள்ளை வாய் திறக்கேல்லை அக்கா."

அவர் அந்த ஈர மட்டையை ஒதுக்கி வைத்தார்.

"உங்கட பிள்ளையெண்டா இப்பிடிச் சொல்லுவியளோ?" என்று கேட்டேன். என் குரல் கடை முழுக்கக் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ர பிள்ளையெண்டாலும் இண்டைக்கு விடமாட்டன்," என்றார்.

கருவியைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் நிலையத்துக்குப் போய் யாராவது நடத்துநரிடம் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அந்த மழையில், அந்த வயிற்றோடு அங்கே போகவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து, இனி அந்தக் கடை வாசல் மிதிப்பதில்லை என்று முடிவு கட்டினேன்.

அடுத்த நாள் விடிந்த கையோடு படலையில் சத்தம். அக்கா மழைக் கோட்டுக்குள் எதையோ அணைத்துப் பிடித்தபடி நின்றார். உள்ளே வந்து பொலித்தீனைப் பிரித்தார். ஒரு பெட்டி, மடிக்காமல் தட்டையாக. தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெயிலில் காய்ந்த மாதிரி மொறுமொறுவென்று இருந்தது.

"வீட்டில அயன் பண்ணினனான். ரெண்டு பக்கமும். கரண்ட் ரெண்டு தரம் போயிட்டுது, அதுதான் இவ்வளவு நேரம்."

கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் தரையில் உட்கார்ந்தார். என்னிடம் இறுக்கமான மூடி உள்ள ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி கேட்டார். கருவியை அபியின் பழைய காலுறைக்குள் போட்டு, பஞ்சு சுற்றி அதற்குள் வைத்தார். மூடியையும் பெட்டியையும் சேர்த்து, சுற்றிவர டேப்பை இழுத்து ஒட்டினார். அதைப் பெட்டிக்குள் நடுவில் வைத்துச் சுற்றிலும் கசக்கிய பேப்பரை அடைத்தார். பெட்டியைக் காதோடு வைத்துக் குலுக்கினார். அசைவில்லை.

"ஆர் திறக்கப் போகினம்?"

"அங்க திருத்துற ஆக்கள்தான்."

"அவையிட்ட பிளேட் இருக்கும். நடுவால கீறுவினம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னொரு மட்டைத் துண்டை வெட்டி மூடிக்குக் கீழே படுக்க வைத்தார். "இப்ப பிளேட் ஆழமா இறங்கினாலும் இதிலதான் கீறும்."

நடுவில் ஒன்று, ஓரங்களில் இரண்டு. அடியிலும் அதே மாதிரி. அபி பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து டேப்பின் மேல் வைத்து, தேய் என்று காட்டினார். அவள் தன் சின்ன உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். விலாசம் எழுதிய கடதாசிக்கு மேலே முழுக்கவும் கண்ணாடி டேப் ஒட்டினார், மழையில் எழுத்துக் கரையாமல். அன்று பின்னேர லொறியில் அது போனது.

அடுத்த நாள் கொழும்புக்குப் போய்ச் சேர வேண்டும். சேரவில்லை. வழியில் வெள்ளம் வீதிக்கு மேலால் போனது. லொறி தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. நானா சாரதியிடம் போனில் கதைத்துவிட்டுச் சொன்ன செய்தியை நான் கடைக் கதவைப் பிடித்தபடி கேட்டேன். அடியில் இருந்த பெட்டிகள் எல்லாம் தண்ணீரில். சில பெட்டிகள் கரைந்து, ஆட்களின் சாமான்கள் லொறிக்குள்ளேயே மிதக்கின்றன.

"எங்கட பெட்டி?" என்று கேட்டேன்.

"இருட்டா இரிக்காம் புள்ள, ஒண்டும் தெரியல்லயாம்."

அக்காவின் பக்கம் திரும்பினேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"தண்ணிக்குள்ள கிடந்தா மட்டை போகும்," என்றார். "உள்ளுக்கு இருக்கிற பிளாஸ்டிக் போகக் கூடாது."

"போகாதுதானே அக்கா?"

"தெரியாது பிள்ளை. மூடின மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவர் அப்படிச் சொன்னது அந்த நேரம் கொடுமையாக இருந்தது. ஆனால் அந்த மூன்று நாளும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னை இருக்கச் சொல்லிவிட்டுக் குசினியில் தேத்தண்ணி போட்டார். அபிக்குத் தலை வாரிவிட்டார். ஒருநாள் எனக்குக் கால் வீங்கியிருந்ததைக் கண்டு தலையணை ஒன்றை வைத்துவிட்டுப் போனார். கடையில் நான் கத்தியதைப் பற்றி மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். "அதுக்கென்ன," என்று எழும்பிவிட்டார்.

நாலாம் நாள் காலை போன் அடித்தது. கொழும்பிலிருந்து ஒரு பெண் குரல்.

"உங்கட பார்சல் கிடைச்சது. பெட்டி தேத்தண்ணியில ஊறின பாண் மாதிரி இருக்குது. டேப்பாலதான் அந்தச் சதுரமே நிக்குது, டேப்பை எடுத்தால் பெட்டி எண்டு ஒண்டு இல்லை."

அவர் முடிக்க முன்னே கேட்டேன்.

"உள்ளுக்கு?"

"உள்ளுக்கு எல்லாம் காய்ஞ்சுபோய் இருக்குது. காலுறைகூட நனையேல்லை. ஆர் இதைக் கட்டினது?"

போனைக் காதில் வைத்தபடியே அழுதுகொண்டிருந்தேன். அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்தார். பழுதானது ஒரு சின்னப் பாகம்தான், மாற்றலாம், பழைய ஒலி அளவுகளிலேயே வைத்து அனுப்புகிறோம், மாட்டிவிட்டால் போதும் என்றார்.

திரும்பி வர இன்னும் இரண்டு கிழமை எடுத்தது. எனக்கு அப்போது நாள் நெருங்கிவிட்டது. அக்கா போன் எடுத்து, "வந்திட்டுது," என்ற ஒரு சொல் மட்டும் சொன்னார். அபியைக் கையில் பிடித்துக்கொண்டு, வயிற்றை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு நடந்தேன். மழை விட்டு வெயில் எறித்தது. பெட்டி அவருடைய மேசையில் இருந்தது. அவர் தொடவில்லை. பிளேட்டை என் பக்கம் தள்ளினார்.

டேப்பின் நடுவால் கீறித் திறந்தேன். கருவியை எடுத்து, பற்றரியைப் போட்டு, அபியின் காதுக்குப் பின்னால் மாட்டி, வட்டத்தைத் தலையில் ஒட்டினேன். பச்சை விளக்கு மினுங்கியது. அபி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை உதறிக்கொண்டு வாசலுக்கு ஓடிப்போய், வீதிக்கு அந்தப் பக்கம் நின்ற மான்களைப் பார்க்கத் தொடங்கினாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால்? "அபி" என்று சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. அக்கா என்னை ஒரு தரம் பார்த்தார். அடுத்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, டேப்பின் நுனியைப் பிடித்து, ஒரு முழத்துக்கு நீட்டி இழுத்தார். 'கிறீச்' என்று கடை முழுக்கக் கிழிகிற அந்தச் சத்தம்.

அபியின் இரண்டு தோளும் தூக்கிப்போட்டன. திரும்பினாள். கண் விரிந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. நேரே மேசைக்கு வந்து, அக்காவின் கையில் இருந்த ரோலைத் தொட்டாள்.

"இன்னும்," என்றாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு அவள் சொன்ன முதல் சொல். அக்கா இழுத்தார். அபி தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தாள். இன்னும். அக்கா மறுபடி இழுத்தார். இன்னும். இழுத்த டேப் எல்லாம் தரையில் சுருண்டு, தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு மலையாகக் கிடந்தது. ஒரு அங்குலத்தைக்கூட வீணாக்காத மனுசி, பெட்டியைப் பார்க்காமல், பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்து இழுத்துக்கொண்டே இருந்தார்.

சத்தம் கேட்டு நானா உள்ளேயிருந்து வந்தார். தரையைப் பார்த்தார்.

"என்ன செய்றீங்க? முழு ரோலும் போகுதே."

அக்கா கையை நிறுத்தவில்லை.

"பிள்ளை கேக்குது நானா," என்றார்.

நானா அபியைப் பார்த்தார். பிறகு அலுமாரியைத் திறந்து புது ரோல் ஒன்றை எடுத்து, அக்காவின் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அங்கேயே நின்றார்.